தாளிப்பை இடம் மாற்றிய அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப் சொந்தங்களுக்கு வணக்கம்.

மூச்சுத் திணறலோடு நான் எப்படிப் படுக்கையில் கிடந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. நேற்று ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை நின்றபடியே வாசித்தேன், நடுவில் உட்காரவில்லை. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

இரவு பகலாக நின்ற மருத்துவர்கள், செவிலியர்கள், ஆக்சிஜன் செறிவூட்டியைக் குறுகல் சந்தில் தோளில் சுமந்து, இரும்பு ஏணி வழியாக மாடிக்கு ஏற்றிய பையன்கள், என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட ஆசிரியர்கள், முட்டையும் சுண்டலும் கொடுத்தனுப்பிய வீடுகள் என எல்லாருக்கும் கைகூப்புகிறேன்.

பிசியோதெரபி கொடுத்த அந்த மராத்திப் பெண்ணுக்குத் தனியாக ஒரு வணக்கம். மருத்துவமனை வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, என் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி கூடவே வந்தார். மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இருமடங்கு நேரம் விடச் சொன்னார். அப்படி விட்டால் சிறு மூச்சுக்குழல்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல், தேங்கிய காற்று வெளியேறுமாம். பாதி நேரம் காலுக்குத்தான் பயிற்சி. படுக்கையில் கரைந்துபோன தொடைத் தசை சீக்கிரம் களைத்து மூச்சை இன்னும் வாங்கவைக்கும் என்றார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதே அன்று எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

இனி, முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்கள் எதிர்வீட்டு அக்காவின் குடும்பத்துக்கு இட்லி வியாபாரம். விடியற்காலை 3 மணிக்கே அடுப்பு எரியும். வெளிச்சம் வருவதற்குள் அண்ணன் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். சட்னிக்கு மிளகாய் வற்றல் தாளித்தால் சந்தே இருமும். நான் வீடு திரும்பிய பிறகு அந்த நெடி ஒருநாள்கூட என் ஜன்னலுக்கு வரவில்லை. ஏன் என்று யோசிக்கும் தெம்பு அப்போது எனக்கு இல்லை.

அவர்கள் மகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். அவள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "அம்மா இப்போதெல்லாம் தாளிப்பதற்குப் பெரியம்மா வீட்டுக்குப் போகிறார், டீச்சர்."

பெரியம்மா வீடு மூன்று சந்து தள்ளி இருக்கிறது. மழைக்காலம் முழுவதும், இருட்டில், சாக்கடை பொங்கும் வழியில் சட்னிப் பாத்திரத்தைச் சுமந்துபோய், அங்கே தாளித்துக்கொட்டி, திரும்பச் சுமந்து வந்திருக்கிறார். ஒருமுறை எனக்குத் துணையாக மருத்துவமனைக்கு வந்தபோது, ஊதுவத்தி, கொசுவர்த்தி, தாளிப்பு நெடி எதுவும் எனக்கு ஆகாது என்று அங்கே சொன்னதைக் கேட்டவர் அக்கா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரில் போய்க் கேட்டேன். "எங்கே தாளித்தால் என்ன, சட்னி சட்னிதானே டீச்சர்" என்று சொல்லிவிட்டு மாவைக் கரைக்கப் போய்விட்டார்.

அன்றாடம் விற்றால்தான் வருமானம் என்கிற வீடு அது. கொஞ்சம் தாமதமானாலும் அண்ணனுக்கு வாடிக்கை கைநழுவும். அதனால் அக்கா இன்னும் முன்னதாகவே எழுந்திருக்கிறார். கேட்டால் உதவி செய்ய நம் தெருவில் ஆள் உண்டு. கேட்காதவளுக்காக, அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று தன் தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் மனம் எங்கிருந்து வருகிறது? மருத்துவமனையில் கற்ற பயிற்சியை இருமல் குறுக்கிடாமல் நான் வீட்டில் செய்ய முடிந்தது அக்காவால்தான்.

பிழைத்து வந்தாகிவிட்டது என்று மூலையில் படுத்துவிடுகிறவர்களை நம் பகுதியில் பார்க்கிறேன். மூச்சு வாங்குகிறது என்று நடப்பதை விடுகிறார்கள். நடக்காமல் கிடப்பதால் இன்னும் வாங்குகிறது. பிசியோதெரபி உண்டா என்று மருத்துவரிடம் கேட்க, இந்தியும் மராத்தியும் தெரியாமல் தயங்கும் அம்மாக்கள் யார் இருந்தாலும் எனக்குச் சொல்லியனுப்புங்கள். கூட வந்து பேசுகிறேன். மருத்துவர் நடக்கச் சொல்லிவிட்டால், கூட்டமில்லாத காலை வேளையில் 90 அடி சாலையில் துணைக்கும் வருகிறேன். பேச முடிகிற வேகத்தில் நடந்தால் போதும், யாரும் அவசரப்பட வேண்டாம்.