ஊசி வாங்கும் முன் எக்கோ அறையைப் பாருங்கள், டாக்டர்களே

தமிழ்நாட்டின் இதய மருத்துவர்களுக்கு, வணக்கம். இதயத் தசை தடித்துப்போகும் நோய்க்கு (ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி) சீனாவில் வந்திருக்கும் ஒரு ஊசி சிகிச்சையைப் பற்றியும், அதற்கு முன் நாம் சரிசெய்ய வேண்டிய எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) பற்றியும் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குச் சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், வெறும் வயிற்றில் அவ்வளவு இருக்காது. இரண்டு வருஷம் கேஸ் என்றார்கள். எக்கோவும் எடுத்தார்கள், படுக்கவைத்து ஐந்து நிமிஷம், ஜெல்லைத் துடைக்க டிஷ்யூ கொடுத்து, பிபியால் தசை கொஞ்சம் தடித்திருக்கு, பயப்படாதீங்க என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் போன இடத்தில்தான் ஒரு டாக்டர் அம்மாவை மூச்சை அடக்கி முக்கச் சொன்னார். ரத்தம் இதயத்தைவிட்டு வெளியேறும் வழியில் சும்மா படுத்திருந்தபோது 18 என்று காட்டிய பிரஷர் வித்தியாசம், முக்கியதும் 80ஐத் தாண்டியதை நானே திரையில் பார்த்தேன்.

இதயத்தின் இரு கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் தடித்து, ரத்தம் வெளியேறும் வழியை மறிக்கிறது, இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வின் இதழும் அந்தப் பக்கம் இழுபட்டு ஒட்டுகிறது என்று அவர் பேனாவால் வரைந்து காட்டினார். மாத்திரை கேட்காவிட்டால் நெஞ்சைத் திறந்து தசையைச் செதுக்கலாம், அல்லது 1994ல் லண்டனில் உல்ரிச் சிக்வார்ட் தொடங்கியபடி சுவருக்குப் போகும் சின்ன ரத்தக்குழாயில் ஆல்கஹால் செலுத்தி அந்தத் தசையைக் கருக்கலாம். அதற்கு ரத்தக்குழாய் தோதாக அமைய வேண்டும், அப்புறம் சிலருக்கு பேஸ்மேக்கரும் வைக்க வேண்டிவரும்.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் சீனாவின் சியான் நகரத்து சீஜிங் மருத்துவமனை பற்றிப் படித்தேன். அங்கே லியு லிவென் குழு விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை விட்டு, இதய நுனி வழியாக நடுச்சுவருக்குள் நேராகக் கொண்டுபோய், ரேடியோ அலைச் சூட்டால் தசையைக் கருக்குகிறது. நெஞ்சைத் திறப்பதில்லை, துடிக்கிற இதயத்தில் ஊசிக்கு வழிகாட்டுவது மார்பின்மேல் வைத்த எக்கோதான். 2018ல் முதல் 15 பேர், 2022ல் 200 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். நான் ஒன்றும் அதில் மயங்கிவிடவில்லை. ஊசி போன இடத்தில் ரத்தம் கசிந்து இதயத்தைச் சுற்றித் தேங்கும் ஆபத்து இருக்கிறது, அனுபவத்தில் பெரும்பகுதியும் அந்த ஒரே குழுவினுடையது.

என்னை உறுத்தியது வேறு. லிவென் அல்ட்ராசவுண்ட் மருத்துவர். அந்த முறை முழுக்க எக்கோ பார்க்கும் கையை நம்பி நிற்கிறது. நம் ஊரில் அந்தக் கைக்கு ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிஷம் கொடுக்கிறீர்கள்? வாசலில் நாற்பது பேரை உட்காரவைத்துவிட்டு அந்த டெக்னீஷியனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நாளைக்கே யாராவது இந்த ஊசியை வாங்கி 'கத்தியின்றி இதய சிகிச்சை' என்று பேனர் கட்டலாம், ஆனால் முக்கச் சொல்லாமல் எடுத்த எக்கோவில் யாருக்கு ஊசி தேவை என்பதே தெரியாதே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இது குடும்பத்தில் வரும் நோய். இதயத் தசை நோயோடு தொடர்புள்ள, டிஎன்ஏவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மரபணு மாற்றம் இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக 2009லேயே ஆய்வு வந்தது, அதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. அப்படியிருக்க, என்னையும் தங்கையையும் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொன்னவர் அந்த மூன்றாவது டாக்டர் மட்டும்தான்.

அம்மா இப்போது மாத்திரையில் இருக்கிறார், அடுத்த எக்கோ தை மாதம். உட்காரவைத்து, நிற்கவைத்து, முக்கச் சொல்லியும் எடுப்பீர்களா என்று உள்ளே போவதற்கு முன்பே கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.