இரண்டு சி, இரண்டு எம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்குப் பத்து நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் அதிகம் நடக்க முடியவில்லை, அதனால் உட்கார்ந்த இடத்திலேயே ஆங்கில அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உன் பேத்தி ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்யச் சொன்னாலே அழுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அவளுக்காக ஒன்று சொல்கிறேன்.

அக்காமடேட் என்ற சொல்லை முப்பது வருஷமாக ஒரே ஒரு எம் போட்டு எழுதியவன் நான். இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். லத்தீனில் 'அட்' என்றால் நோக்கி, 'காம்' என்றால் கூட, 'மோடஸ்' என்றால் அளவு. 'காம்' பக்கத்தில் வந்ததும் 'அட்'டில் இருக்கும் டி, சி ஆகிவிடுகிறது. ஆக இரண்டு சி. 'காம்' முடிவதும் எம், 'மோடஸ்' தொடங்குவதும் எம். ஆக இரண்டு எம். நம் மரமும் 'கள்'ளும் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, அதே புணர்ச்சிதான்! பள்ளியில் புணர்ச்சி விதிக்கு வாங்கிய அடி இத்தனை வருஷம் கழித்து ஆங்கிலத்துக்கு உதவுகிறது, பார்.

இல்லை என்று பொருள் தரும் 'இன்'னும் இப்படித்தான். பாசிபிளுக்கு முன் இம், லீகலுக்கு முன் இல், ரெகுலருக்கு முன் இர். வடமொழி வழியாக நமக்கு வந்த அநீதியில் இருக்கும் 'அ'வும் இந்த 'இன்'னும் ஒரே வேரில் பிறந்தவையாம். ஆனால் 'உள்ளே' என்று பொருள்படும் இன்னொரு 'இன்'னும் இருக்கிறது, வம்பே அங்கேதான். இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பிடிக்கும் என்று அர்த்தம். தீப்பிடிக்காது என்று யாராவது நினைத்துவிட்டால் கதை முடிந்தது. அதனால்தான் இப்போது எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்றே போடுகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ப்ரிபாஸ்டரஸ். 'ப்ரே' முன், 'போஸ்ட்' பின், பின்னால் வரவேண்டியது முன்னால் வந்து நிற்கிறது, அதனால் அபத்தம். முன்னுக்குப் பின் முரண் என்று நாம் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

பேத்தியிடம் ஒரு கேள்வி கேள்: டிஸ்அப்பாயின்ட்டுக்கு ஒரு எஸ், டிஸ்ஸாட்டிஸ்ஃபைக்கு மட்டும் 'டி', 'ஐ'க்கு அடுத்து ஏன் இரண்டு? 'டிஸ்'ஸைத் தனியாகக் கழற்றிப் பார்க்கச் சொல், அவளே கண்டுபிடிப்பாள். என்ன சொன்னாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மணி