முதல் வாரத்து 'நார்மல்' ரிப்போர்ட்டை வைத்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

அவசர சிகிச்சைப் பிரிவிலும் பொது மருத்துவ வார்டிலும் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நரம்பை மின்சாரத்தால் தூண்டி, செய்தி அதில் எப்படிப் போகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை அறையில் வேலை பார்ப்பவள் நான். நீங்கள் எழுதி அனுப்பும் சீட்டு என் மேஜைக்குத்தான் வருகிறது. 'இரண்டு காலும் பலவீனம், 3 நாள். ஜி.பி.எஸ். இல்லை என்று உறுதிசெய்யவும்.' இப்படி எழுதிய சீட்டுகள் அடிக்கடி வருகின்றன. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடல். ஜி.பி.எஸ்., அதாவது நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய்க்குறி, இல்லை என்று மூன்றாம் நாளில் உறுதிசெய்து தர எங்கள் கருவியால் முடியாது. இருப்பதற்கான தடயம் கிடைத்தால் சொல்ல முடியும். கிடைக்கவில்லை என்றால், இன்னும் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் பொருள்.

காரணம் எளிது. இந்த நோயில் நோய் எதிர்ப்பு மண்டலம் பெரும்பாலும் முதலில் தாக்குவது தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு வேர்களையும், தசைக்குள் நுழையும் கடைசி நுனிகளையும்தான். ரத்தத்துக்கும் நரம்புக்கும் இடையிலான தடுப்பு அங்கே பலவீனமானது. நாங்கள் வழக்கமாக வேகத்தை அளப்பதோ மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே. தீ பிடித்த இடம் ஒன்று, நாங்கள் எட்டிப் பார்க்கும் ஜன்னல் வேறொன்று.

திரையில் அது எப்படித் தெரிகிறது என்று ஒரு நரம்பை வைத்தே சொல்கிறேன். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கைத் தசையில் எலெக்ட்ரோடை ஒட்டி, மணிக்கட்டில் அல்நர் நரம்பைத் தூண்டுகிறோம். அலை நன்றாக உயர்ந்து எழுகிறது. முழங்கைக்கு மேலே தூண்டினாலும் அதே உயரம். வேகம் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல். இதோடு நிறுத்திக்கொண்டால் ரிப்போர்ட் 'நார்மல்'தான். ஆனால் மணிக்கட்டில் கொடுத்த அதே தூண்டல் மேல்நோக்கியும் போகிறது. தண்டுவடம் வரை போய்த் திரும்பி, சுமார் 30 மில்லிநொடியில் ஒரு குட்டி அலையாகத் தசைக்கு வந்து சேர வேண்டும். அதுதான் எஃப் அலை. பத்து, இருபது முறை தூண்டிப் பார்க்கிறோம். ஆரோக்கியமான கையில் அது பெரும்பாலான முறை வந்துவிடும். இந்த நோயாளிக்கு அந்த இடத்தில் வெறும் நேர்கோடு. முதல் அலை முழு உயரத்தில் இருக்க, எஃப் அலை ஒன்றுகூட வரவில்லை என்றால், வேர்ப்பகுதியில் தடை இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். காலில் எச் அனிச்சை (கணுக்கால் அனிச்சையை மின்தூண்டலால் பார்ப்பது) காணாமல் போவதும் இதேபோல ஆரம்பத்திலேயே தெரியும் அறிகுறி. முதல் வாரத்தில் எங்களிடம் ஏதாவது கிடைக்கும் என்றால் பெரும்பாலும் இவைதான் கிடைக்கும். இவற்றைப் பார்க்காமல் எழுதிய 'நார்மல்' பாதிப் பரிசோதனையின் முடிவு.

இன்னொரு தடயமும் உண்டு. கையில் மீடியன், அல்நர் என்ற இரண்டு நரம்புகளின் உணர்வு அலைகள் குறைந்திருக்கும். காலில் சூரல் என்ற உணர்வு நரம்பின் அலை மட்டும் நன்றாகவே இருக்கும். சர்க்கரை நோயால் வரும் நரம்புச் சேதம் நீளமான நரம்புகளில், அதாவது காலில்தான் முதலில் தொடங்கும். இங்கே அது தலைகீழாக இருக்கிறது. இதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் பலமடங்கு கூடிவிடும்.

தண்டுவட நீரும் இதே மாதிரிதான். செல்கள் கூடாமல் புரதம் மட்டும் உயர்வதை 1916இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் எழுதினார்கள். அந்த உயர்வும் முதல் வாரத்தில் பலருக்கு இருக்காது. அதனால் இரண்டு 'நார்மல்' ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துவைத்து நோயே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நோயாளியின் கதையும் உங்கள் கையில் இருக்கும் சுத்தியலும்தான் பெரிய சாட்சி. இருபுறமும் ஒரேபோலப் பலவீனம், சில நாட்களாக அது மேலேறிவருவது, அனிச்சைகள் குறைவது, சில வாரம் முன்பு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோனது. இது போதும், படுக்கை கொடுத்துக் கண்காணிக்க. சிலருக்கு ஆரம்பத்தில் அனிச்சைகள் இருக்கவும் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு வயிறு கலங்குவது மூச்சை நினைத்துத்தான். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வெண்டிலேட்டர் தேவைப்படுகிறது. விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள், அது கடைசியில்தான் இறங்கும். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்து, முழுதாக இழுத்து வெளிவிடும் மூச்சின் அளவை அளந்து, சில மணிநேரத்துக்கு ஒருமுறை திரும்ப அளங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 20 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் ஐ.சி.யூ.வுக்கு மாற்ற வேண்டிய நேரம். ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் தாறுமாறாகும் நோயாளியை, கூட ஒரு நர்ஸும் மானிட்டரும் இல்லாமல் எங்கள் அறைக்கு அனுப்பாதீர்கள். கருவியை நாங்களே படுக்கைக்குக் கொண்டுவருகிறோம்.

சிகிச்சையையும் எங்களுக்காக நிறுத்திவைக்க வேண்டாம். நடக்க முடியாத நிலைக்கு வந்தவருக்கு இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள், அல்லது பிளாஸ்மா மாற்று (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றுவது). இரண்டும் சீக்கிரம் தொடங்கினால்தான் நல்ல பலன், முதல் இரண்டு வாரத்துக்குள். நரம்பிழையைச் சுற்றிய மையலின் உறை கெட்டதா, உள்ளே இருக்கும் இழையான ஆக்ஸானே கெட்டதா என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் தேடுவது சரி. ஆனால் அந்தப் பதில் வந்தாலும் இந்தச் சிகிச்சை மாறப்போவதில்லை. அப்புறம், முதல் பரிசோதனை சொல்லும் வகை இரண்டாவதில் மாறவும் செய்யும். ஆக்ஸான் வகையில் சில சமயம் முதலில் கடத்தல் தடை தெரியும், சில வாரத்தில் அது தானே விலகிவிடும். அதை ஒரே தடவை பார்த்து மையலின் சேதம் என்று எழுதிவிடுவது எளிது.

அப்படியானால் எதற்கு இந்தப் பரிசோதனை? சந்தேகம் இருக்கும்போது ரொம்பவே உதவும். தண்டுவடமா, தசையா, நரம்பும் தசையும் சேரும் இடமா என்று குழம்பும்போது வழிகாட்டும். எவ்வளவு மீண்டு வருவார் என்பதற்கும் பின்னாட்களில் ஓரளவு குறிப்புத் தரும்.

ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் நரம்பியல் மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நோய் தொடங்கி எத்தனையாவது நாள், தோலின் வெப்பநிலை எவ்வளவு, எஃப் அலை பார்த்தோமா, எந்தெந்த நரம்பு பார்த்தோம் என்பதை எழுதுங்கள். கை குளிர்ந்திருந்தால் வேகம் குறைந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் 'ஆரம்பக்கட்டப் பரிசோதனை, நோயை மறுக்காது, 10 முதல் 14 நாளில் மீண்டும் செய்யவும்' என்று ஒரு வரி சேருங்கள். இரவு 2 மணிக்கு அதைப் படிக்கும் பயிற்சி மருத்துவருக்கு அந்த ஒரு வரி போதும், நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க.

உங்கள் சீட்டில் அறிகுறி தொடங்கிய தேதி, அனிச்சைகளின் நிலை, பழைய சர்க்கரை நோய் இருக்கிறதா என்ற மூன்றும் இருக்கட்டும். மறுபரிசோதனைக்கு அனுப்பும்போது முதல் ரிப்போர்ட்டின் நகலையும் இணைத்துவிடுங்கள். அதே பக்கத்தில் அதே நரம்புகளைப் பார்த்து ஒப்பிட எங்களுக்கு அது வேண்டும்.