பழைய வீடுகளை விற்றுத் தரும் தரகர்களுக்கும் பதிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுமனை மோசடி குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளில் ‘தரகர்’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம், திருச்சியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எந்த மனைப்பிரிவு நிறுவனத்தையும் சாராமல் இத்தொழிலைச் செய்துவரும் எனக்கு மனம் வலிக்கிறது. ஆயினும் அச்செய்திகளை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. எங்களில் பெரும்பாலோரைச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே விட்டுவைத்திருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ அடுக்கக வீடோ விற்றுத் தரும் முகவர், ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் ஒருவர் தம் பழைய வீட்டையோ பாட்டன் சொத்தையோ மற்றொருவருக்கு விற்கும்போது இடையில் நிற்கும் தரகருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. வில்லங்கம் மிகுதியாக ஒளிந்திருப்பதோ மூன்று தலைமுறை கண்ட அத்தகைய சொத்துகளில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் உறையூரில் ஒரு வீட்டை வாங்குவதற்காக, ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் என்னிடம் வந்தார். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் குறை இல்லை. பட்டா விற்பவர் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றில் இரண்டு ஆண்மக்கள் மட்டுமே இருந்தனர். தெருவில் நெடுநாள் குடியிருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான், கரூருக்கு மணமுடித்துப் போன ஒரு மகளும் உண்டு என்று தெரிந்தது. அந்த மகளிடம், தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். விற்பவர் சினந்தார், எனக்குக் கமிஷன் போயிற்று. ஆனால் அந்த ஓய்வூதியர் அதன்பின் தம் உறவினர் மூவரை என்னிடம் அழைத்துவந்தார். விளம்பரப் பலகைகூட இல்லாத என் சிறிய அலுவலகம் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பது இப்படி வந்தவர்களால்தான்.

வில்லங்கச் சான்றை இப்போது இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்க முடிவதால், அதுவே போதும் என்று பலரும் நம்பிவிடுகின்றனர். பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். இறப்பினால் வாரிசுகளுக்குப் போய்ச் சேர்ந்த பங்கு அதில் வராது. உயில் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் பதிவு அலுவலகத்தின் வேறு புத்தகத்தில் இருப்பதால் அதுவும் வராது. திருவரங்கத்தில் அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், கோயிலுக்கா குடியிருப்பவருக்கா என்ற சிக்கல் எவ்வளவு பழையது என்பதை, வெளியூரிலிருந்து வருபவருக்கு யாரேனும் உட்கார்ந்து விளக்கத்தான் வேண்டும். சொத்தின் மூலப் பத்திரமான தாய்ப்பத்திரம் தொட்டு வரிசையாகப் படித்துப் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து, வேண்டாத இடத்தில் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் தரகருக்கு மக்கள் கூலி கொடுக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கூலியிலும் மறைவு கூடாது. உரிமையாளர் கேட்ட விலைக்கு மேல் வைத்து விற்று வித்தியாசத்தை எடுத்துக்கொள்வதும், ஒருவர் அறியாமல் மற்றவரிடம் கமிஷன் வாங்குவதும் எங்கள் தொழிலில் நடக்கின்றன என்பதை நான் ஒளிக்கப் போவதில்லை. வாங்குபவரிடம் ஒரு சதவீதம், விற்பவரிடம் ஒரு சதவீதம், அதுவும் பத்திரம் பதிவான பிறகே என்று முதல் சந்திப்பிலேயே இருவருக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கமிஷன் பற்றி என்னிடம் இதுவரை எவரும் சண்டைக்கு வந்ததில்லை.

மகாராஷ்டிரத்தில் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் 2023-இல் கட்டாயமாக்கப்பட்டன. தமிழக அரசு அதற்கும் ஒருபடி மேலே சென்று, தனியார் சொத்துகளை விற்றுத் தரும் தரகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். தேநீர்க்கடை வாசலில் அமர்ந்து தொழில் செய்யும் எளியவர்களும் எங்களில் உண்டு. ஆதலால் கட்டணம் சிறிதாகவும் தேர்வு தமிழிலும் இருக்கட்டும். தரகுத்தொகையை இரு தரப்பும் அறியும்படி ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதுவதையும், தரகரின் பதிவு எண்ணைக் கிரயப் பத்திரத்திலேயே குறிப்பதையும் பதிவுத்துறை கட்டாயமாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தனித்துத் தொழில் செய்யும் நிலத் தரகர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.