பொன்விழா மலரின் ஏழாம் பக்கத்தைத் திருத்துங்கள்

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் மலர்க் குழுவினருக்கு,

வணக்கம்.

மலரில் என் பாட்டியின் பெயர் விடுபட்டதைப் பற்றிச் சென்ற மாதம் நான் எழுதிய கடிதத்துக்கு மூன்று வரியில் பதில் அனுப்பியிருந்தீர்கள். பதிலே வராது என்று நினைத்திருந்தேன். அதற்காக முதலில் நன்றி. "அன்னார் பதவி வகித்ததற்கான ஆவணச் சான்று இருப்பின் சமர்ப்பிக்கவும், பரிசீலிக்கப்படும்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சான்று உங்கள் அலுவலகத்து அலமாரியில்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். அதனால்தான் இந்த மடலை நாலு பேர் படிக்கும்படி எழுதவேண்டியதாயிற்று.

விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததே. மலரின் ஏழாம் பக்கத்தில் "அரும்பணி ஆற்றியோர்" என்று 42 பெயர்கள். அதில் என் பாட்டி இல்லை. அதே பக்கத்தின் அடியில், கறுப்புக் கட்டத்துக்குள் இப்படி ஓர் இரங்கல் குறிப்பு: "முன்னாள் செயலாளரின் துணைவியார் சென்ற ஆண்டு இயற்கை எய்தினார். அனைவருக்கும் தாயாக விளங்கியவர்." 93 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியிலும் அவர் பெயர் இல்லை.

அவர் பதவி வகிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். வேலைதான் செய்தார்.

சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகளை எடுத்துப் பாருங்கள். தொடக்கக் கூட்டத்திலிருந்து 31 ஆண்டுகளுக்கான குறிப்புகள் ஒரே கையெழுத்தில் இருக்கும். 'ழ'கரத்தின் வால் அடுத்த வரியைத் தொடும் அளவுக்கு நீண்டு, இடப்பக்கம் சுழிந்திருக்கும். அது செயலாளரின் கையெழுத்து அல்ல. செயலாளரின் கையெழுத்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தனியாக இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். தாத்தா கூட்டம் முடிந்து இரவு வீட்டுக்கு வருவார். சட்டைப் பையில் அழைப்பிதழின் பின்பக்கத்தில் கிறுக்கிய நாலு வரி இருக்கும். பாட்டி குறிப்பேட்டை விரித்து உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பார். யார் முன்மொழிந்தார்? யார் வழிமொழிந்தார்? யாராவது எதிர்த்தார்களா? "அதெல்லாம் எதற்கு, ஏகமனதாக நிறைவேறியது என்று எழுது" என்பார் தாத்தா. பாட்டி விடமாட்டார். "எதிர்த்தவர் பெயரும் இருக்கட்டும். நாளைக்கு அவர் சொன்னதுதான் சரி என்று ஆகலாம்" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துக்கு நீட்டுவார்.

தாத்தா காலமான பிறகு செயலாளர் மாறினார், எழுதுபவர் மாறவில்லை. "அம்மா, உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும்" என்று சொல்லிப் புதிய செயலாளரும் குறிப்பேட்டை எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். இப்படி இன்னும் ஆறு ஆண்டுகள். விரல் நடுங்கத் தொடங்கியதும் பாட்டியே போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

அந்தக் குறிப்பேடுகளில் ஒரு தீர்மானம் இருக்கிறது. சங்கத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டம். "நடவடிக்கைக் குறிப்புகளைச் செம்மையாகவும் அழகாகவும் பராமரித்துவரும் செயலாளருக்கு இச்சங்கம் தன் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது." அதுவும் பாட்டியின் கையெழுத்தில்தான் இருக்கிறது. 'அழகாகவும்' என்பதில் வரும் 'ழ'வின் வாலை மட்டும் வழக்கத்தைவிட நீளமாக இழுத்திருக்கிறார். அது தற்செயலா என்று ஒருமுறை கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார்.

ஆகவே, நீங்கள் கேட்ட ஆவணச் சான்று இதுதான். ஏழாம் பக்கத்தைத் திருத்தி, அவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் அச்சிட்டு, மலர் சென்ற எல்லா வீடுகளுக்கும் அந்தத் தாளை அனுப்புங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இரத்ததானக் குழுவைப் பற்றியும் சொல்லவேண்டும். பன்னிரண்டாம் பக்கத்தில் அது சென்ற ஆண்டு தொடங்கப்பட்டதாகப் போட்டிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு தொடங்கப்பட்டது வாட்ஸ்அப் குழு. பாட்டி இறந்த இரண்டாவது வாரம் நான் உங்களிடம் கொடுத்த கோடு போட்ட நோட்டைப் பார்த்துத்தான் அதில் பெயர்களைச் சேர்த்தீர்கள். அந்த நோட்டில் பெயர்கள் அகர வரிசையில் இல்லை, இரத்தப் பிரிவு வரிசையில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசியாக இரத்தம் கொடுத்த தேதி. பக்கத்தில் சிவப்பு மையில் அடுத்து எப்போது கொடுக்கலாம் என்ற தேதி: ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் தள்ளி. தட்டணுக்களை ஐந்து நாளைக்கு மேல் பொதுவாகச் சேமித்துவைக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, யாருக்காவது தேவை என்று தகவல் வந்தால் பாட்டி எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பமாட்டார். "இன்றைக்கே எல்லோரும் போய்விட்டால் அடுத்த வாரம் யார் போவது?" என்று முறை வைத்து அனுப்புவார். ஓ நெகட்டிவ் மட்டும் தனிப் பக்கம். அதில் நான்கே பெயர்கள். வேறு வழி இருக்கும்வரை அந்த நால்வரை அழைக்கவே மாட்டார். அவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் எந்தப் பிரிவினருக்கும் ஆகும். அவர்களுக்கோ அந்தப் பிரிவு மட்டுமே ஆகும் என்பது அவர் கணக்கு.

கடைசி ஐந்து ஆண்டுகள் நோட்டில் எழுதியது நான். பாட்டி சொல்லச் சொல்ல எழுதுவேன். முதல் பக்கம் முடிந்ததும், "அடியில் உன் பெயரைப் போடு" என்றார். எதற்கு என்றேன். "எழுதியவர் பெயர் இருக்கவேண்டும்" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயர் இருக்கும், பாருங்கள். நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது.

ஜூன் 14 அன்று நீங்கள் வைக்கும் பதாகையில், ஏ, பி, ஓ இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னரின் பிறந்த நாள் என்று தவறாமல் போடுகிறீர்கள். நல்ல வழக்கம். 1868இல் பிறந்த அவருடைய பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது. அந்த அறிவை வைத்துக்கொண்டு நள்ளிரவில் உங்களில் சிலரின் வீட்டுத் தொலைபேசியை அடித்து எழுப்பியவரின் பெயர்தான் மறந்துவிட்டது.

மலரில் 64 படங்கள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். பெண்கள் இருப்பவை மூன்று. அவற்றில் இரண்டில் விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கிறார்கள். உலகில் நடக்கும் கூலியில்லாத பராமரிப்பு வேலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பெண்கள் செய்வதாக 2018இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. உங்கள் மலரை மட்டும் பார்ப்பவர், இந்தச் சங்கத்தைப் பூங்கொத்துகளும் ஆண்களும் சேர்ந்து நடத்தினார்கள் என்றுதான் நினைப்பார். "அனைவருக்கும் தாய்" என்ற பட்டமும் வசதியானதுதான். தாய் என்று சொல்லிவிட்டால் பிறகு பதவி தரவேண்டாம், நன்றித் தீர்மானம் வேண்டாம், பெயர்கூட வேண்டாம். அவர் என் அப்பாவுக்கும் அத்தைக்கும் தாய். உங்களுக்கு அவர் எழுத்தர், கணக்காளர், தொடர்பாளர். சம்பளம் மட்டும் வாங்கவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவேண்டும்.

இப்படி விட்டுப்போவது உங்களோடு தொடங்கியதும் அல்ல. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் நோயில் விழுந்தார். 1883இல் பாலம் திறக்கப்படும்வரை அவருக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவே நின்று பணியை நடத்தியவர் அவர் மனைவி எமிலி. அவரும் பதவி வகிக்கவில்லை. 1903இல் இறந்த அவருக்கு நியூயார்க் டைம்ஸ் 2018இல்தான் முறையான இரங்கல் கட்டுரை எழுதியது, தான் கவனிக்கத் தவறியவர்கள் என்ற வரிசையில். 115 ஆண்டு தாமதம். ஆனாலும் தவறு என்று ஒப்புக்கொண்டு எழுதினார்கள். உங்களுக்கு இன்னும் ஓர் ஆண்டுதான் ஆகிறது. ஒரே ஒரு தாள்தான் அச்சிடவேண்டும். அச்சுச் செலவு இடிக்கும் என்றால் நானே கொடுத்துவிடுகிறேன். ஆனால் சங்கம் கொடுப்பதுதான் முறை.

இந்த மடலில் பாட்டியின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறதி இல்லை. அந்தப் பெயர் முதலில் உங்கள் தாளில் அச்சாகவேண்டும். ஏழாம் பக்கத்தைத் திருத்துங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வருகிறேன். குறிப்பேடுகள் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய கோப்பைகளுக்குப் பின்னால் இருக்கின்றன. சாவி பொருளாளரிடம் இருக்கிறது. தயவுசெய்து அவரையும் வரச்சொல்லுங்கள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பாட்டி எனக்கு எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் பக்கத்தில் "துணைவியார்" என்று குறிப்பிடப்பட்டிருப்பவரின் பேத்தி