பெட்டியின் மேல் ஒரு தேதி போடச் சொல்லுங்கள்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை,
கிருஷி பவன், புது தில்லி.

ஐயா, அம்மா, வணக்கம்.

காரைக்குடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பிக்சர் டியூப் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். ஈ.எச்.டி. (பிக்சர் டியூபுக்கு உயர் வோல்ட் தரும் பாகம்) போன டிவி, இடி விழுந்து போர்டு கருகிய டிவி, பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆன டிவி என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் இப்போது கடைக்கு வருகிற ஒரு ரகத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ஒரு பாகமும் கெட்டிருக்காது, ஆனால் ஓடாது. சாதாரண டிவியில் யூடியூபும் படமும் பார்க்கப் பின்னால் சொருகுகிறோமே, ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்று, அந்தப் பெட்டிகள்தான்.

போன தை மாதம் ஓர் ஆச்சி வந்தார். மஞ்சப்பையில் பெட்டி, அடாப்டர், ஒயர், வாங்கும்போது வந்த அட்டை டப்பா உட்பட எல்லாம் இருந்தன. ரிமோட்டுக்கு பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார். "தம்பி, நாளான்னைக்கு எங்க அண்ணன் பேத்திக்குக் கல்யாணம், பெங்களூர்ல. இந்த முட்டியோட அவ்வளவு தூரம் போக முடியாது. போட்டோக்காரங்க யூடியூப்ல லைவ் போடுறாங்களாம். இது மக்கர் பண்ணுது, பாத்துக் குடு."

முதலில் கரண்ட் பார்த்தேன். பாதிப் பேர் அடாப்டரை ஓரமாக வைத்துவிட்டு, டிவியின் யூ.எஸ்.பி. ஓட்டையிலேயே பெட்டியைச் சொருகிவிடுவார்கள். பழைய டிவியில் அது அரை ஆம்பியர்தான் தரும், பெட்டிக்குப் பத்தாது. படம் ஓட ஆரம்பித்ததும் மூச்சு வாங்கி ரீஸ்டார்ட் ஆகும். ஆச்சி அப்படிச் செய்யவில்லை. அடாப்டரில் ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. டிவியில் சொருகும் எச்.டி.எம்.ஐ. முனையில் டிரை சோல்டர், அதாவது ஈயப் பற்று விட்டுப்போனது, இல்லை. அப்புறம் தேதி. இந்தப் பெட்டிகளில் கடிகாரத்துக்கென்று பெரும்பாலும் தனி பேட்டரி கிடையாது, நேரத்தை நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். அது கிடைக்காவிட்டால் 1970 ஜனவரி என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும், எந்த ஆப்பும் திறக்காது. தேதியும் சரியாகவே இருந்தது.

ஆப்பைத் திறந்தால், பெட்டியின் மென்பொருள் பழையது, அப்டேட் செய் என்று வந்தது. அப்டேட்டுக்குப் போனால், உன்னிடம் இருப்பதே கடைசி என்றது பெட்டி. இரண்டு அலுவலகத்துக்கு நடுவில் மனுவோடு அலைகிற ஆள் மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை.

"கம்பெனி இதைக் கைவிட்டுட்டாங்க ஆச்சி" என்றேன். "லைட்டு எரியுதே தம்பி?" என்றார்.

அந்த அட்டை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதமும் வருஷமும், புகார் எண், எல்லாம் அச்சடித்திருந்தது. பொட்டலப் பொருள்களுக்கான உங்கள் 2011 விதிகளின்படி போட்டிருப்பார்கள். ஆச்சியின் மகன் இதை ஆடித் தள்ளுபடியில் வாங்கி இன்னும் மூன்று வருஷம் முடியவில்லை. மாடல் அதற்கும் முன்னால் வந்தது. எதனால் தள்ளுபடி என்று அப்போது யாரும் சொல்லவில்லை. எதுவரை அப்டேட் வரும் என்பது டப்பாவில் எங்கேயும் இல்லை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதித் தேதி இல்லாவிட்டால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

இது ஏதோ ஒரு பெட்டியின் கதை என்று நினைக்காதீர்கள். 2015-இல் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியபோது, 2012-லும் அதற்கு முன்பும் வந்த டிவிகள், பெட்டிகள் பலவற்றில் அந்த ஆப் செத்துப்போனது. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் பழைய ரோகு பெட்டிகள் சிலவற்றையும் சாம்சங் டிவிகள் சிலவற்றையும் விட்டுவிட்டது. டிவியில் சொருகும் கூகுளின் குரோம்காஸ்ட்டில், 2013-இல் வந்த முதல் மாடலுக்கு 2023-இல் ஆதரவு முடிந்தது. தொழில்நுட்பக் காரணம் கேட்டால் நியாயமாகத்தான் சொல்வார்கள். வீடியோவைச் சுருக்கும் முறை மாறுகிறது, திருட்டுப் பிரதி எடுக்காமல் தடுக்கும் பூட்டு மாறுகிறது, ஒரு ஜிபி நினைவகத்தில் புது ஆப் நுழைவதில்லை. நானும் மெக்கானிக்தான், எதையும் ஆயுசுக்கும் தாங்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2025 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். 2015-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் ஒரே நாளில் பல நாடுகளில் வேலைநிறுத்தம் செய்தது. பெட்டி அசல்தான் என்று காட்ட உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழுக்குப் பத்து வருஷம்தான் ஆயுள், அது முடிந்துவிட்டது. கூகுள் சில நாளில் சரி செய்து கொடுத்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை யாரும் ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதுசு மாதிரி ஆக்குவது) செய்யாதீர்கள் என்றும் சொன்னது. எங்களை மாதிரி ஆட்கள் முதலில் செய்வதே ரீசெட்தான்! அப்படிச் செய்தவர்கள் பெட்டியைத் திரும்ப செட்டப் செய்ய முடியாமல் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்த முடிவுத் தேதி சான்றிதழுக்குள் 2015-லேயே எழுதியிருந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் அது தெரியாது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். நெட்டில் வீடியோ காட்டும் எந்தப் பெட்டியானாலும், எம்.ஆர்.பி. போடும் இடத்துக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "இந்த மாதம் இந்த வருஷம் வரை அப்டேட் தருவோம்" என்று அச்சடிக்க வையுங்கள். ஆன்லைன் கடையிலும் விலைக்குக் கீழே அது தெரியட்டும். தயவுசெய்து க்யூ.ஆர். கோடுக்குள் வைக்க அனுமதிக்காதீர்கள். ஆச்சி அதை எதைக் கொண்டு ஸ்கேன் செய்வார்?

நடக்காத காரியம் என்று கம்பெனிகள் சொன்னால், பிரிட்டனைக் காட்டுங்கள். இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருள்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அங்கே 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம். இங்கே விற்கும் பெரிய கம்பெனிகளில் பல அங்கேயும் விற்கின்றன. அங்கே சொல்ல முடிந்த தேதியை இங்கே சொல்ல முடியாதா?

நம் ஊரிலும் தொடங்காமல் இல்லை. பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் கொடுப்பது பற்றி உங்கள் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. மென்பொருள் அப்டேட்டையும் அதில் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் முதல் கட்டம் செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும்தான். செல்போனை ஜனங்கள் எப்படியும் சில வருஷத்தில் மாற்றிவிடுகிறார்கள். டிவி அப்படியில்லை. ஆச்சி வீட்டு 32 இஞ்ச் டிவிக்கு ஒரே ஒரு தடவை பேக்லைட் பட்டை மாற்றிக் கொடுத்தேன், இன்னும் பளிச்சென்று இருக்கிறது. அதற்குப் பின்னால் பெட்டி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

பெட்டிக்காரரைக் கேட்டால் ஆப்காரரைக் கை காட்டுவார் என்பதும் தெரியும். ஆப் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஒரு மாடலை நிறுத்தப் போவதாக இருந்தால் ஆறு மாதம் முன்பே திரையில் காட்டட்டும், அவரவர் மொழியில். ஆச்சி வீட்டில் வந்தது ஆங்கிலத்தில் இரண்டு வரி, அதுவும் நிறுத்திய பிறகு.

கடைக்குப் பின்னால் ஒரு பெயின்ட் வாளியில் இந்த மாதிரிப் பெட்டிகள் பதினேழு கிடக்கின்றன. உயிரோடு இருக்கும் பொருளை மின்கழிவு என்று எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

கல்யாணத்தன்று ஆச்சிக்கு என் கடையில் டெஸ்டிங்குக்கு வைத்திருக்கும் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். தாலி கட்டும் நேரத்தில் படம் நின்று வட்டம் கொஞ்சம் சுற்றியதாம், கெட்டிமேளச் சத்தம் மட்டும் முன்னால் வந்துவிட்டதாம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது பாயசம் கொண்டுவந்தார். புதுசு ஒன்று வாங்கப் போகிறாராம், நல்லதாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார். மூன்று மாடல் எழுதிக் கொடுத்தேன். "எத்தனை வருஷம் வரும் தம்பி?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் ஆச்சி என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்,
காரைக்குடி.