விற்ற கட்டடமும் நம் கரண்ட் பில்லும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கிட்டு,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, திட்டாதே. இங்கே எல்லோரும் சுகம். முதலமடைப் பக்கம் இந்த வருஷம் மாங்காய் குறைவு. சரசு அக்கா உன்னை விசாரித்தாள், அப்படியே அந்தப் பித்தளைக் குடத்தையும் விசாரித்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் ஓக்லண்டிலிருந்து மருமகன் ஏரிக்கரைக் கட்டடம் ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பி, "மாமா, இதுதான் எங்க ஊர் கரண்ட் ஆபீஸ்" என்றான். தோண்டிப் பார்த்தேன், ராத்திரி தூக்கம் போச்சு. பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக், சான் பிரான்சிஸ்கோ மார்க்கெட் தெருவில் 1925 முதல் இருந்த தலைமை அலுவலகத்தை 2021இல் ஹைன்ஸ் என்ற ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு 80 கோடி டாலருக்கு விற்றுவிட்டு அந்த ஓக்லண்ட் கட்டடத்துக்குக் குடிபோயிருக்கிறது. விற்கிறவனும் வாங்குகிறவனும் கையெழுத்துப் போட்டால் போதாது, கரண்ட் கட்டணத்தை முடிவு செய்கிற கலிபோர்னியா ஒழுங்குமுறை ஆணையமும் சரி என்று சொல்லவேண்டும். சொன்னது. லாபத்தில் சுமார் 40 கோடி டாலரை ஐந்து வருஷத்தில் பில் கட்டுகிறவர்களுக்கே திருப்பித் தருவதாக ஏற்பாடு.

நீ உடனே, "நிலத்துக்குத் தேய்மானம் என்று பில்லில் ஏற்றுவதே கிடையாதே, பில் கட்டினவனுக்கு அதில் என்னடா பங்கு?" என்பாய். ஆடிட்டுக்கு வந்தவனையே அழவைத்தவன் ஆச்சே! நிலம் தேயாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் போட்ட முதலுக்கு வருஷாவருஷம் லாபம் என்று கட்டணத்தில் ஏற்றி வாங்கினார்களா இல்லையா? கட்டடத்தின் தேய்மானம், பராமரிப்பு எல்லாம் அதே பில்லில்தான். இத்தனையும் கட்டினவனுக்கு விற்கும்போது மட்டும் பங்கு இல்லையாமா?

கணக்கையும் போட்டுவிட்டேன். அந்தக் கம்பெனியின் கரண்டிலும் கேஸிலும் வாழ்கிறவர்கள் சுமார் 1.6 கோடிப் பேர். தலைக்கு 25 டாலர், வருஷத்துக்கு ஐந்து. மருமகன் சிரிக்கிறான், ஒரு காபிக்குக் காணுமாம். நடுவில் வீடு மாறி வேறு மாநிலம் போனவனுக்கு அதுவும் கிடையாது.

ஆனால் கிட்டு, சிரிக்க முடியாத ஒன்றும் இதில் இருக்கிறது. 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரே எரிந்து 85 பேர் செத்தார்கள். காரணம், அதே கம்பெனியின் டவரில் கம்பியைத் தாங்கிய ஒரு கொக்கி. ஏறக்குறைய நூறு வருஷப் பழசு, தேய்ந்து தேய்ந்து அறுந்துவிட்டது. அதில் 84 பேர் சாவுக்குக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2020 ஜூனில், ஓக்லண்டுக்கு மாறப்போகிறோம் என்று அறிவித்ததும் அதே மாதம். கட்டடத்தின் தேய்மானத்தைப் பைசா விடாமல் எழுதின கணக்கில் அந்தக் கொக்கியின் தேய்மானத்தை எவன் பார்த்தான்? நாமும் கரண்ட் லைன் ஓரமாகவே வாழ்ந்தவர்கள், அதனால்தான் இது மனசை விட்டுப் போக மாட்டேனென்கிறது.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டம், 17ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல், லைசென்ஸ் வாங்கி மின்சாரம் கொடுக்கிறவர் தன் மின் அமைப்பையோ அதில் ஒரு பகுதியையோ விற்கவும் முடியாது, குத்தகைக்கு விடவும் முடியாது. திருவனந்தபுரம் பட்டத்தில் இருக்கிற நம் கேரள மின்வாரியத் தலைமை அலுவலகம், வைத்யுதி பவனத்தை யாரும் விற்கப்போவதில்லை, பயப்படாதே. ஆனால் எங்கேயாவது ஒரு துண்டு நிலம் கைமாறினால் அந்த லாபம் கட்டணத்தில் கழியுமா என்று அடுத்த கட்டண விசாரணையில் கேட்கப்போகிறேன். மனு மலையாளத்தில் இருந்தால் நல்லது, என் மலையாளம் உனக்குத் தெரியும். நீ எழுதிக் கொடு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், கிண்டலும் வேண்டாம்.

உன்
சாமி